முள் இல்லாத கள்ளியும் சோளகக் காற்றும்

முதல் துண்டுகள் செத்துப்போனதற்குக் காரணம், அதைக் கள்ளி என்று நான் நம்பியதுதான். நம்பிக்கையில் பிழையில்லை, ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா கள்ளிக் குடும்பத்துச் செடியேதான். ஆனால் கள்ளியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டால் பிழைக்காது. யாழ்ப்பாணத்து வெயிலில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சோளகம், அதாவது தென்மேற்கிலிருந்து வரண்ட காற்று வீசும் காலம், முழுவதும் தேவைப்பட்டது.

கண்டியில் சித்தி வீட்டுப் பலாமரத்தில் இது பச்சை நூல் கட்டுப்போல ஒரு ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது. இலை இல்லை, முள் இல்லை. காற்றில் முறிந்து விழுந்த கிளையோடு வந்த துண்டுகளை நான் பொறுக்கும்போது சித்தி சிரித்தார். "தம்பி, இது புல்லுருவியடா. உன் மாமரத்தைத் தின்றுவிடும்" என்றார். தின்னாது. மரத்தில் தொற்றி நிற்குமே தவிர, மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சாது. ஆனால் சித்தியைக் குறை சொல்லவும் முடியாது. 1770களில் முதன்முதலில் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவரே, நம் கடற்கரைப் பற்றைகளில் மஞ்சள் நூலாய்ப் படர்ந்து மற்றச் செடிகளை உறிஞ்சுகிற கொத்தானின் இனம் என்று நினைத்து, அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தார். 1788இல் கார்ட்னர் என்ற ஜேர்மன் தாவரவியலாளர்தான் ரிப்சாலிஸ் என்று தனிப் பேரினம் ஆக்கினார். சிங்களத்தில் இது 'வல் நவஹந்தி', அதாவது காட்டுத் திருகுகள்ளி. நம் திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் ஒடித்தால் பால் வடியும் வேறொரு குடும்பம். வேலியோரத்து நாகதாளி உண்மையான கள்ளிதான், ஆனால் அமெரிக்காவிலிருந்து மனிதர் கொண்டுவந்தது. இலங்கையின் ஈரமான காடுகளில் தானாக வளரும் கள்ளி இந்த ஒன்றுதான். ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் இருக்கிறது. மற்றக் கள்ளிகள் அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தமாக இருக்க, இது மட்டும் எப்படிக் கடல் தாண்டியது? பறவை வயிற்றில் வந்தது என்பார் சிலர், கப்பலில் வந்தது என்பார் சிலர். எனக்குப் பறவைக் கதைதான் பிடித்திருக்கிறது. ஏன் என்று பழத்தின் கதை வரும்போது சொல்கிறேன்.

முதல் முயற்சி ஏப்ரலில். துண்டுகளை மூன்று நாள் உலரவிட்டு, பருமணலில் நட்டு, முற்றத்து வெயிலில் வைத்தேன். பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர். மே மாதம் சோளகம் தொடங்கியது. தண்டுகள் சிவந்தன, சுருங்கின, காய்ந்த பயற்றங்காய்போல ஆகின. ஜூலையில் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு வேர்கூட இல்லை.

செப்டெம்பரில் மறுபடியும் கண்டி. இம்முறை பன்னிரண்டு சென்ரிமீற்றர் நீளத்தில் ஆறு துண்டுகள். மணலை விட்டுவிட்டு, ஓர்க்கிட் வளர்ப்பவர்கள் செய்வதுபோல, பொச்சுமட்டைத் துண்டுகளும் கரியும் உடைந்த ஓட்டுத் துண்டுகளும் கலந்து ஒரு கம்பிக் கூடையில் போட்டேன். மாமரத்தின் வடக்குப் பக்கக் கிளையில் தொங்கவிட்டேன். காலை வெயில் இலை வழியாகச் சல்லடையில் விழுவதுபோல் விழும், அவ்வளவுதான். அந்த மாரியில் நான் செய்ய எதுவும் இருக்கவில்லை. மழையே பார்த்துக்கொண்டது. தைப் பொங்கலன்று அளந்தபோது நீளமான கிளை முப்பத்தொரு சென்ரிமீற்றர்.

பெப்ரவரியில் வளர்ச்சி நின்றது. பூச்சி என்று நினைத்தேன். இரண்டு இடத்தில் மாவுப்பூச்சியும் இருந்தது, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். ஆனால் உண்மையான காரணம் பொச்சின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. மழைநீர் தீர்ந்ததும் கிணற்றுத் தண்ணீருக்கு மாறியிருந்தேன். சுண்ணக்கல்லில் ஊறிவரும் நம் கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் ஓடு கட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மரக்கிளையில் மழையையும் சருகையும் நம்பி வாழும் செடிக்கு அந்தச் சுண்ணாம்பு ஒத்துவரவில்லை. அன்றிலிருந்து தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிவதை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுகிறேன். செடிக்குத் தண்ணீர் காய்ச்சுகிறேன் என்று வீட்டில் ஒரு மாதம் கேலி. அடுத்த மாரிக்கு முன் கூரைத் தண்ணீருக்கு இரண்டு பீப்பாய் வாங்கி வைத்துவிட்டேன்.

இரண்டாவது சோளகத்தில் கூடையைச் சுற்றி ஈரச்சாக்குக் கட்டினேன். அழகாக இல்லை. ஆனால் ஒரு கிளைகூடச் சிவக்கவில்லை.

பூ வந்தது இந்த ஜனவரியில். தண்டின் பக்கவாட்டில், அரிசியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பூக்கள். கூர்ந்து பார்க்காவிட்டால் தெரியாது. என்னிடம் இருந்தது ஒரே மரத்துத் துண்டுகள்தான், ஆனாலும் காய் பிடித்தது. பழம் முத்துப்போல வெள்ளையாக, உள்ளே கறுப்பு விதைகள் நிழலாடத் தெரிந்தது. நசுக்கினால் பசை. விரலிலிருந்து விதையை உதற முடியவில்லை. குருவி இதைத் தின்றுவிட்டு அலகைக் கிளையில் தேய்க்காமல் வேறு என்ன செய்யும்? பறவைக் கதைமேல் எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

நானும் குருவியாகிப் பார்த்தேன். ஏழு விதைகளை மாமரப் பட்டையில் தேய்த்தேன், இருபதை ஈரத்தும்பில் பரப்பிக் கண்ணாடி மூடினேன். தும்பில் பதினொன்று முளைத்தன. இரண்டு வித்திலைக்கு நடுவில் எழுந்த தண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது சிரிப்பு வந்தது. வரிவரியான குட்டித் தண்டு, வரி முழுக்க மெல்லிய வெள்ளை மயிர். முற்றிய கிளையில் ஒளித்துவைத்த கள்ளித்தனம் முழுவதும் குழந்தையில் அப்படியே இருக்கிறது.

பட்டையில் தேய்த்த ஏழில் ஆறை எறும்பு கொண்டுபோய்விட்டது. ஒன்று, கிளை பிரியும் கவட்டில், நாலு மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கிறது. அதற்குச் சாக்குக் கட்ட முடியாது. மே மாதம் காற்று எழும்பும்.