ஊரான் நெல்லை வரவு வைத்த கதை

நீடாமங்கலம் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். 2024 குறுவை அறுவடை, களத்தில் நெல் கொட்ட இடமில்லாத சமயத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது. 2023-24க்கான தொழிற்சாலைகளின் ஆண்டு ஆய்வுக்கு எங்கள் ஆலை தேர்வாகியிருக்கிறதாம். முதலாளி வாங்கிப் பார்த்துவிட்டு, "ஜி.எஸ்.டி. ஆளுங்களா?" என்றார்.

இல்லை, மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம். மின்சாரத்தோடு 10 பேராவது, மின்சாரமில்லாமல் 20 பேராவது வேலை பார்க்கும் பதிவுபெற்ற தொழிற்சாலைகளின் பட்டியல்தான் அவர்களுக்கு அடிப்படை. தமிழ்நாட்டில் 100 பேர் இருந்தால் வருடா வருடம் தப்ப முடியாது. எங்களைப் போன்ற ஆலைகள் மாதிரியில் அகப்பட்டால் உண்டு. 2008-ம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி பதில் சொல்லியே ஆகவேண்டும். நாம் கொடுப்பதைப் புள்ளிவிவரத்துக்குத் தவிர வேறெதற்கும் எடுக்கக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இதை முதலாளிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "சரி சரி, ஆடிட்டர் கொடுத்ததையே போட்டு அனுப்பும்மா" என்றார்.

நிலையான சொத்து, நடைமுறை மூலதனம் எல்லாம் ஆடிட்டர் தாளிலிருந்து ஆய்வுப் படிவத்தில் ஒரு காலையில் ஏறிவிட்டது. ஆட்கள் கணக்கில்தான் முதல் இடறல். நேரடி ஆண், நேரடிப் பெண், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், மேற்பார்வையாளர் என்று தனித்தனி வரிசை. எங்கள் சம்பளப் பதிவேட்டில் இருப்பது பதினாலு பேர். மூட்டை தூக்குபவர்களும் களத்தில் நெல் காயவைக்கும் பெண்களும் மேஸ்திரியின் சிட்டையில் மட்டுமே இருக்கிறார்கள். அந்தச் சிட்டையை வாங்கி, தினம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கூட்டினேன். வந்த மனித நாட்களை (ஒரு ஆள் ஒரு நாள் வந்தால் ஒன்று) ஆலை ஓடிய நாட்களால் வகுத்தால்தான் சராசரி ஆள் எண்ணிக்கை. நான் முதலில் 365-ஆல் வகுத்துவிட்டு, ஏன் இவ்வளவு குறைவு என்று முழித்துக்கொண்டிருந்தேன். களத்துப் பெண்கள் எங்கள் ஆலையின் எந்தத் தாளிலாவது ஏறியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

பெரிய பிழை அதற்கப்புறம். நாங்கள் சொந்தமாக நெல் வாங்கியும் அரைக்கிறோம், நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரவை முகவராகவும் இருக்கிறோம். வாசலில் இறங்கிய நெல்லையெல்லாம் இருப்புப் புத்தகத்தைப் பார்த்து மூலப்பொருளில் போட்டேன். வெளியே போன அரிசியையெல்லாம் உற்பத்தியில், சந்தை விலை வைத்துப் போட்டேன். போதாக்குறைக்கு, கழகத்துச் சிப்பம் 40 கிலோ, வியாபாரி மூட்டை 60 கிலோ. இரண்டையும் ஒரே மூட்டையாக எண்ணி டன்னாக மாற்றியிருந்தேன்.

கள அலுவலர் வந்து உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசவே இல்லை. பிறகு, "மேடம், இவ்வளவு நெல் வந்திருக்கு, கொள்முதல் செலவு அதுல பாதிகூட இல்லையே?" என்றார்.

"அது கழகத்து நெல்லு சார். 100 கிலோவுக்கு 68 கிலோ புழுங்கலரிசி திருப்பிக் கொடுத்துடுவோம்."

"அப்ப அது உங்க நெல்லு இல்லை. அரிசியும் உங்களுது இல்லை. அரவைக் கூலி மட்டுந்தான் உங்க வரவு."

அடுத்தவர் சரக்கை அரைத்துக் கொடுத்து வாங்கும் கூலிக்கு வருமானப் பகுதியில் தனி வரிசை இருக்கிறது. நான் அதைக் காலியாக விட்டிருந்தேன். வேறொருவர் சரக்கை இரண்டு பக்கமும் ஏற்றினால், நாட்டுக் கணக்கில் எங்கள் ஆலை இல்லாத அளவுக்கு வீங்கித் தெரியுமாம். அன்று சாயங்காலம்வரை அவரே கூட இருந்து திருத்தினார். டீ மட்டும் வாங்கிக்கொண்டார்.

எல்லாம் சரியான பிறகு, உற்பத்தி மதிப்பிலிருந்து இடுபொருளைக் கழித்து, மொத்த மதிப்புக்கூட்டலைச் சும்மா போட்டுப் பார்த்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா நம்ம ஆலை?"

"ஆட்கள் கூலி, வட்டி, வாடகை, தேய்மானம் எல்லாம் இதுக்குள்ளதான் வரணும், முதலாளி."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் அந்த 2023-24 ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. தொழிற்சாலை வேலைவாய்ப்பில் தமிழ்நாடு முதலிடம் என்று செய்தித்தாளில் படித்து அவருக்குக் காட்டினேன். "அதுல நம்ம களத்துப் பொம்பளைங்களும் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். மேஸ்திரியின் சிட்டை இன்னும் என் மேஜையறையில்தான் கிடக்கிறது. மேஸ்திரி புதுசு வாங்கிக்கொண்டார்.