மூன்று வருடமும் பத்துத் தடைகளும்

கல்லூரியில் தடகளப் பயிற்சியாளராக இருப்பவர் யாரையும் கண்டுபிடிப்பதில்லை. அந்த வேலையை ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளியின் பி.டி. சார் ஏற்கெனவே செய்து முடித்திருப்பார். வெறுங்காலோடு ஓடிய பையனைக் கவனித்து, சொந்தக் காசில் ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுத்து, மாவட்டப் போட்டிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனவர் அவர்தான். (1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து வரும் நீண்ட வரிசை அது. அந்த ஆசிரியர்களைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும்.) ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எங்களிடம் வந்து சேரும்போது பையனுக்கு 18 வயது. டிகிரி முடித்ததும் ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று எங்காவது போய்விடுவான். அதன்பிறகு அவன் வாங்கும் பதக்கம் அந்தத் துறையின் கணக்கில் சேரும்.

நடுவில் இருக்கும் மூன்று வருடம்தான் எங்களுடையது. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் (என்.ஐ.எஸ்.) பயிற்சியாளர் டிப்ளமோ முடித்து இந்த வேலைக்கு வந்த புதிதில் இது எனக்குப் பெரிய மனக்குறை. இப்போது இல்லை. காரணம் ஹர்டில்ஸ், அதாவது தடை தாண்டும் ஓட்டம்.

நூறு மீட்டரில் ஒருவனை நான் உருவாக்கினேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வேகம் பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. ஸ்டார்ட்டைச் சரிசெய்யலாம், ஜிம்மில் பலம் ஏற்றலாம், தோளை இறுக்கிக்கொண்டு ஓடுவதை நிறுத்தலாம். அதெல்லாம் மெருகு. ஹர்டில்ஸ் அப்படி இல்லை. அதை யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தாக வேண்டும். நூறு மீட்டரில் மாவட்ட அளவில் நாலாவது ஐந்தாவது வரும் பையனை, மூன்று வருடத்தில் பல்கலைக்கழக அணியின் தடை ஓட்டக்காரனாக ஆக்க முடியும். நான் செய்திருக்கிறேன். அதனால் இதை மட்டும் கொஞ்சம் தைரியமாகவே சொல்கிறேன்.

ஆண்களுக்கான 110 மீட்டரில் பத்துத் தடைகள். முதல் தடை 13.72 மீட்டரில், அடுத்தடுத்த தடைகளுக்கு இடையே 9.14 மீட்டர், கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 14.02 மீட்டர். பார்ப்பவர்களுக்கு உயரம்தான் கண்ணில் படும். உண்மையான சிக்கல் அந்த 9.14-ல் இருக்கிறது. தடைக்கு இரண்டு மீட்டர் முன்பே கால் தரையைவிட்டு எழும்ப வேண்டும். தாண்டியபின் ஒன்றரை மீட்டருக்குள் இறங்க வேண்டும். மிச்சம் ஐந்தரை மீட்டர் சொச்சம். அதில் மூன்று ஸ்டெப். சாதாரணமாக ஓடும்போது இரண்டு மீட்டருக்கு மேல் ஸ்டெப் போடும் நெட்டைப் பையன், இங்கே அதைச் சுருக்கி, ஆனால் வேகத்தைக் குறைக்காமல், டக்டக்டக் என்று வைத்தாக வேண்டும். நெட்டையாக இருந்தால் ஹர்டில்ஸ் சுலபம் என்று அப்பா அம்மாவிலிருந்து கல்லூரி முதல்வர் வரை எல்லோரும் நினைக்கிறார்கள். காலை மடக்க இடம் தேடித் தவிப்பது அந்த நெட்டைப் பையன்தான்.

கல்லூரிப் பயிற்சியாளருக்கென்றே வரும் தலைவலி ஒன்று உண்டு. 18 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டர். 20 வயதுக்கு உட்பட்டோருக்கு 99.1. பெரியவர்களுக்கு 106.7. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் இந்தக் கடைசி உயரம்தான். 99.1-க்கும் 106.7-க்கும் வித்தியாசம் நாலு விரல் அகலம். கேட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் பள்ளியில் மாநில அளவில் ஜெயித்த பையன் முதல் வருடம் இந்த உயரத்தில் ஓடிப் பார்த்தால், நாலாவது தடையிலேயே தாளம் தப்பி நின்றுவிடுவான். உயரம் கூடியதும் அவன் மேலே குதிக்கிறான். குதித்தால் காற்றில் நேரம் போகிறது, இறங்கும் இடம் தள்ளிப் போகிறது, அடுத்த மூன்று ஸ்டெப்புக்கு இடம் போதவில்லை. "சார், ஸ்கூல்ல நான் நல்லாத்தான் ஓடினேன்" என்று அழாத குறையாகச் சொன்ன பையன்கள் பலரைப் பார்த்துவிட்டேன்.

அந்த முதல் வருடத்தில் நான் அவனுக்கு முழு உயரம் வைப்பதே அபூர்வம். பி.வி.சி. பைப்பும் எல்போவும் வாங்கி நாங்களே செய்துகொண்ட தாழ்ந்த தடைகள் இருக்கின்றன. மேலே பஞ்சு ஷீட் சுற்றியிருப்போம், முட்டியில் பட்டாலும் வலிக்காது. இடைவெளியையும் குறைத்துத்தான் வைப்பேன். டேப் எல்லாம் அப்புறம். எங்கள் அளவுகோல் ஷூ. இன்றைக்கு எட்டு மீட்டர் என்றால் அடுத்த வாரம் அரை அடி தள்ளி வைப்பேன், அதற்கடுத்த வாரம் இன்னொரு அரை அடி. பையனுக்குச் சொல்லவே மாட்டேன். அவன் கால் பழகிய பிறகு டேப் பிடித்துக் காட்டினால் நம்ப மாட்டான்.

பின்னங்காலைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னால் போகும் லீட் லெக்கைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். நேரத்தைத் தின்பது பின்னால் வரும் டிரெயில் லெக். அது பக்கவாட்டில் மடங்கி, முட்டி அக்குளை நோக்கி ஏறி, முன்னால் வந்து இறங்க வேண்டும். அதற்கு இடுப்பு மூட்டு இளக வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். தடைக்குப் பக்கவாட்டில் நடந்தபடி பின்னங்காலை மட்டும் மேலே கொண்டுபோகும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்வேன். அலுப்பான வேலைதான். இதை அலுக்காமல் செய்பவன் யார் என்று பார்த்தாலே மூன்றாம் வருடம் யார் ஓடுவான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பெண்களுக்குக் கதை வேறு. 100 மீட்டர் ஹர்டில்ஸில் உயரம் 83.8 சென்டிமீட்டர், இடைவெளி 8.5 மீட்டர். உயரம் பெரிய விஷயமில்லை. நல்ல வேகம் உள்ள பெண்ணுக்கு அது வாசற்படி மாதிரி. ஆனால் 8.5 மீட்டரை மூன்று ஸ்டெப்பில் எட்டவே வேகம் வேண்டும். அது இல்லாத பெண் நாலு ஸ்டெப் போடுவாள். அப்போது ஒவ்வொரு தடைக்கும் லீட் லெக் மாறும். அல்லது ஐந்து போட்டுக் குறுகக் குறுக ஓடுவாள். ஆகவே பெண்களை முதல் வருடம் ஹர்டில்ஸைவிட 60 மீட்டர், 80 மீட்டர் ஓட்டத்தில்தான் அதிகம் போடுவேன். இந்த 100 மீட்டர் ஹர்டில்ஸை 13 விநாடிக்குள் ஓடிய முதல் இந்தியப் பெண்ணான ஜோதி யாராஜியின் ஓட்டத்தை மொபைலில் மெதுவாக ஓடவிட்டுக் காட்டினால், எங்கள் பெண்கள் முதலில் கேட்பது அவள் எவ்வளவு உயரம் தாண்டுகிறாள் என்பதல்ல. "சார், எப்படிச் சார் மூணு ஸ்டெப் பத்து தடவை வருது?" என்பதுதான். சரியான கேள்வி.

இதற்கிடையே டைமிங் கூத்து ஒன்று இருக்கிறது. அட்மிஷனுக்கு வரும் பையன்கள் "நூறு மீட்டர் 10.8 சார்" என்பார்கள். ஸ்டாப்வாட்ச் கணக்கு அது. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கிச் சத்தம் நூறு மீட்டர் கடந்து, முடிவுக் கோட்டில் வாட்சோடு நிற்பவரிடம் வரவே கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகும். அதனால்தான் புகையைப் பார்த்து அழுத்த வேண்டும் என்பது. பார்த்து அழுத்தினாலும் கட்டைவிரல் தாமதிக்கும். கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டிக்கொள்வது வழக்கம். 10.8 என்றால் 11.04. சத்தத்தைக் கேட்டு அழுத்திய வாட்ச் என்றால் இன்னும் மோசம். பல்கலைக்கழகப் போட்டியில் கர்நாடகத்து மூடுபித்ரி போன்ற ஊரில் சிந்தெடிக் டிராக்கில் ஓடி, போர்டில் 11.2 என்று வந்ததும் பையன் முகம் செத்துப்போகும். அவன் மெதுவாக ஓடவில்லை. அவன் எப்போதும் ஓடுகிற நேரம் அதுதான். இதை முதல் மாதமே சொல்லிவிட வேண்டும் என்பது என் கொள்கை. சில சக பயிற்சியாளர்கள் "பையன் உற்சாகம் போயிடும்" என்பார்கள். போகட்டும், உண்மை தெரிந்த பிறகு வரும் உற்சாகம் போதும்.

எங்கள் பையன்களின் பயிற்சி நாட்குறிப்பில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு காலம் உண்டு. முகூர்த்த சீசன். ஹாஸ்டல் பையன்களில் பாதிப்பேர் கேட்டரிங் வேலைக்குப் போவார்கள். ராத்திரி முழுக்கப் பந்தி பரிமாறி, விடியற்காலையில் பாத்திரம் ஏற்றிவிட்டு, திங்கட்கிழமை கிரவுண்டுக்கு வருவார்கள். தொடையின் பின்பக்கம் கட்டையாக இறுகியிருக்கும். அன்றைக்கு முழு வேகத்தில் ஓடவிட்டால் தசை கிழியும், அப்புறம் ஒன்றரை மாதம் உட்கார வேண்டியதுதான். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அந்தப் பணத்தில்தான் அவன் முட்டையும் ஷூவும் வாங்குகிறான், சிலர் வீட்டுக்கும் அனுப்புகிறார்கள். ஆகவே கல்யாண நாட்களைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, மறுநாள் வெறும் ஜாகிங்கும் ஸ்ட்ரெச்சிங்கும் என்று அட்டவணை போடுகிறேன். பாட்டியாலாவில் இதைச் சொல்லித்தரவில்லை.

நிர்வாகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் முதல் வருடமே மெடல் எங்கே என்று கேட்டார்கள். கோட்டாவில் சீட் கொடுத்தவர்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறதுதான். ஆனால் அந்த அவசரத்தில் பையனை மூன்று நான்கு ஈவன்ட்டில் இறக்கி, ரிலேயிலும் ஓடவைத்து, புள்ளி சேர்ப்பார்கள். ஹர்டில்ஸுக்கு இது விஷம். பயிற்சியாளருக்கோ பெரும்பாலும் தொகுப்பூதியம். எதிர்த்துப் பேசினால் அடுத்த வருடம் ஆர்டர் வராது. நான் வேறு கல்லூரிக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மைதானம் மண் தரை, சுண்ணாம்புக் கோடு. இதைச் சொல்லிப் பையன்கள் குறைபடும்போது எட்வின் மோசஸைச் சொல்வேன். அவர் படித்த மோர்ஹவுஸ் கல்லூரியில் ஓடுதளமே கிடையாது. இயற்பியல் படித்துக்கொண்டே பயிற்சி செய்து, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஹர்டில்ஸில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். தடைகளுக்கு இடையிலான 35 மீட்டரைப் பந்தயம் முழுவதும் 13 ஸ்டெப்பில் ஓடியவர். எங்கள் பையன்களுக்கு 15 வந்தாலே நல்லது. ஆறாவது ஏழாவது தடையில் களைப்பு வந்ததும் 15 என்பது 16 ஆகும். ஒற்றைப்படை இரட்டைப்படை ஆனால் கால் மாறும். அப்போது இடது காலை மட்டும் பழகியவன் தடைக்கு முன்னால் தடுமாறி, குட்டி குட்டி ஸ்டெப் வைத்து நேரத்தைத் தொலைப்பான். அதனால் 400 ஓடுகிறவர்கள் இரண்டு காலிலும் தாண்டப் பழகியே ஆக வேண்டும்.

இந்த ஈவன்ட்டில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏதோ ராசி இருக்கிறது. அவிநாசிப் பக்கத்துத் தருண் அய்யாசாமி 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 48.96 விநாடியில் வெள்ளி வாங்கினார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா 55.42 ஓடி, விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அதே 55.42-ஐ 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் ஓடியவர் கோவையின் வித்யா ராம்ராஜ். மறுநாள் இறுதியில் வெண்கலம். 39 வருடம் ஒரு எண் அசையாமல் நின்றிருக்கிறது. அன்று எங்கள் மைதானத்தில் வார்ம் அப் அரை மணி தாமதமாகத்தான் தொடங்கியது, எல்லோரும் ஒரே மொபைலைச் சுற்றி நின்றார்கள்.

மூன்றாம் வருடம் ஜனவரி பிப்ரவரியில் பையன் ஒருவழியாக 106.7-ல் பத்துத் தடையையும் மூன்று ஸ்டெப்பில் ஓடி முடிப்பான். ஏப்ரலில் செமஸ்டர், அதோடு டிகிரி முடிந்துவிடும். இன்னும் இரண்டு வருடம் கையில் இருந்தால் அரை விநாடி குறைப்பான் என்று எனக்குத் தெரியும். சிலர் எம்.ஏ. சேர்ந்து தங்குகிறார்கள். பலருக்கு வீட்டில் பொறுக்க முடியாது. போலீஸ் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுவார்கள். பெண்களில் சிலர் பி.பி.எட். என்ற உடற்கல்விப் படிப்பை முடித்துப் பள்ளியில் சேர்கிறார்கள். பையன்களிலும் உண்டு.

அப்படிப் போன ஒருவன் சமீபத்தில் போன் செய்தான். "சார், ஒம்பதாவதுல ஒரு பையன் இருக்கான். பைப் ஹர்டில்லயே சூப்பரா போறான். ரெண்டு மூணு வருஷத்துல உங்ககிட்ட அனுப்பிடுறேன்."

"எந்தக் கால் முன்னாடி போகுது?"

"இடது சார்."

"இப்பவே வலதும் பழக்குப்பா. டைமிங் என்ன?"

"நூறு மீட்டர் 11.9 சார்."

"கை வாட்ச்சா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சிரித்துவிட்டான். "புகையைப் பார்த்துதான் சார் அழுத்தினேன்."