"மாணவர் உள்நுழைவு" என்ற ஒரு வரியின் விலை

நான் நடத்தும் இசை வகுப்புகளுக்குக் கைபேசிச் செயலி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தபோது, ஒன்றரைப் பக்க விவரத்தை எழுதி மூன்று நிறுவனங்களுக்கு அனுப்பி விலை கேட்டேன். மூன்றாமவர் சொன்ன தொகை முதலாமவர் சொன்னதைப் போல நான்கு மடங்கு இருந்தது. யாரோ ஒருவர் ஏமாற்றப் பார்க்கிறார் என்றே எண்ணினேன். மூன்று விலைப்புள்ளிகளையும் அருகருகே வைத்து வரிவரியாகப் படித்த பிறகே, நான் ஒரு செயலியைக் கேட்டதாக நினைத்த இடத்தில் அவர்கள் மூன்று வெவ்வேறு செயலிகளைப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பது தெரிந்தது.

"மாணவர் உள்நுழைவு" என்று நான் எழுதியிருந்த வரியையே எடுத்துக்கொள்ளலாம். குறைந்த விலை சொன்னவர் அதை ஒரே ஒரு திரையாகக் கணக்கிட்டிருந்தார். அதிக விலை சொன்னவரோ, ஓடிபி அனுப்புதல், அது வந்து சேராவிட்டால் மறுபடி கேட்கும் வழி, கைபேசி எண்ணை மாற்றியவர் பழைய கணக்கை மீட்டல், கணக்கைச் செயலிக்குள்ளிருந்தே நீக்குதல் என நான்கு வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று குறித்திருந்தார். கடைசியாக உள்ளதை நான் வீண் செலவு என்று அடிக்கப் போனேன். கணக்குத் தொடங்க இடம் தரும் செயலி அதை நீக்கவும் இடம் தர வேண்டும் என்பது 2022 ஜூன் முதல் ஆப்பிள் கட்டாயமாக்கியிருக்கும் விதி என்று அவர் பொறுமையாக விளக்கினார். வேலையை அவரிடமே கொடுத்தேன்.

ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியாக எழுதாமல், ஒரே நிரலை இரண்டிலும் இயங்க வைக்கும் ஃப்ளட்டர் என்ற கருவியில் எழுதியதால் செலவு குறைந்தது. ஆனால் நான் எதிர்பார்த்தபடி பாதியாகவில்லை. சர்வர் பக்க வேலை எந்த வழியிலும் அதே அளவுதான், சோதனையோ இரு வகைக் கைபேசிகளிலும் நடந்தாக வேண்டும். எதிர்பாராத பெரிய செலவு, வகுப்புகளை நடத்துபவர் பயன்படுத்தும் நிர்வாகப் பக்கத்தால் வந்தது. "ஒரு வகுப்பின் நேரத்தை மாற்ற நீங்கள் எங்கே போய் மாற்றுவீர்கள்?" என்று டெவலப்பர் கேட்ட நாளில்தான், மாணவர் காணும் திரைகளை மட்டுமே நான் யோசித்திருந்தது எனக்கு உறைத்தது.

செயலியை வெளியிட கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். இரண்டையும் என் பெயரிலேயே தொடங்கினேன். புதிய தனிநபர் கணக்கு என்பதால், வெளியிடுவதற்கு முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்தாக வேண்டும் என்று கூகுள் கேட்டது. அந்த இரண்டு வாரத்தை என் கால அட்டவணையில் நான் ஒதுக்கியிருக்கவில்லை.

பணம் வாங்கும் பகுதியை இருமுறை செய்ய நேர்ந்தது. நேரில் நடக்கும் வகுப்புக்கான கட்டணத்தை வெளிக் கட்டண வழியில் பெறலாம். பதிவு செய்த பாடங்களை ஐபோன் செயலிக்குள் விற்க ஆப்பிளின் சொந்தக் கட்டண முறைக்குப் போனோம். சிறு வணிகர்களிடம் குறைந்த பங்கு எடுக்கும் ஆப்பிளின் சிறு வணிகத் திட்டத்தில் சேர்ந்தும் விற்பனையில் 15 விழுக்காடு அங்கே போகிறது. முதலிலேயே இரண்டையும் பிரித்து எழுதியிருந்தால் மறுவேலைக்கான பில் வந்திருக்காது.

இப்போது சர்வர் வாடகையும் ஓடிபி குறுஞ்செய்திக் கட்டணமும் மாதந்தோறும் போகின்றன. புதிய ஆண்ட்ராய்டுப் பதிப்புகளுக்கு ஏற்பச் செயலியைப் புதுப்பிக்க ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் தனி. இரண்டாம் கட்ட வேலைக்கு நான் எழுதியிருக்கும் விவரம் பதினான்கு பக்கம் வந்திருக்கிறது. அதில் "வகுப்பை ரத்து செய்தல்" என்பதற்கு மட்டுமே ஒன்றரைப் பக்கம்.