பியானோ ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யும்?

அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில், மெதடிஸ்ட் சபையார் தொடங்கிய சிறிய கறுப்பினக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். அங்கே ‘டைட்டில் த்ரீ’ நிதிக்கான கணக்கும் அறிக்கையும் என் பொறுப்பு. 1965 உயர்கல்விச் சட்டத்தின் அந்தப் பகுதியில், 1964-க்கு முன் கறுப்பின மாணவர்களுக்கென்றே தொடங்கிய கல்லூரிகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. போட்டி கிடையாது, சூத்திரப்படி பங்கு. அதனால் பணம் தானாக வந்துவிடும் என்று எங்கள் கல்லூரியிலேயே பலர் நம்புகிறார்கள்.

முதல் கட்டம் தலைக்கணக்கு. ஒதுக்கீட்டில் பாதி, பெல் உதவித்தொகை (வசதி குறைந்த மாணவர்களுக்கான அரசு உதவி) வாங்கும் மாணவர்களை வைத்துப் பிரியும். கால் பங்கு, பட்டம் முடித்தவர்களை வைத்து. மீதிக் கால் பங்குதான் உயிரை வாங்கும்: பட்டம் பெற்று ஐந்தாண்டுக்குள், கறுப்பினத்தவர் குறைவாக உள்ள துறைகளில் மேற்படிப்புக்குப் போனவர்கள். முகவரி மாறியிருக்கும், கல்யாணமாகிக் குடும்பப் பெயரும் மாறியிருக்கும். எங்களுக்குக் கைகொடுத்தது உயிரியல் துறை அலுவலக அம்மாதான். யார் எந்த ஊரில் பார்மசி படிக்கிறாள், யாருடைய அம்மா எந்தச் சர்ச்சுக்குப் போகிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பிள்ளை போனை எடுக்காவிட்டால் அம்மாவுக்குப் போடுவார். சேர்க்கைக்கான சான்று அன்று மாலையே மெயிலில் வந்துவிடும்.

இரண்டாம் கட்டம் செலவுத் திட்டம். ஆய்வகக் கருவி, நூலகப் புத்தகம், பயிற்சி வகுப்பு, கட்டடப் பழுது எல்லாம் போடலாம். வழிபாட்டுக்கும் இறையியல் துறைக்கும் ஒரு டாலர்கூடப் போகக் கூடாது. இசைத்துறை கேட்ட பியானோவை நாங்கள் திட்டத்தில் சேர்த்திருந்தோம். அமெரிக்க அரசின் கல்வித்துறையில் எங்கள் கோப்பைப் பார்த்த பெண் அதிகாரி போனில் கேட்டார்: “அந்தப் பியானோ எங்கே இருக்கும், மேம்? ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யும்?” வைக்கப்போவது சேப்பலில், ஞாயிறு ஆராதனைக்கும் அதையேதான் வாசிப்பார்கள். அவர் வெட்டிவிடவில்லை. ஒத்திகைக் கூடத்துக்கு மாற்றச் சொன்னார், எந்தப் பாடத்துக்கு வாரம் எத்தனை மணி நேரம் என்று எழுதச் சொன்னார். இன்றும் அதன் காலில் டைட்டில் த்ரீ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

அந்த அதிகாரி அம்மையார் பணிக்காலம் முழுக்க இதே வேலையில் இருந்தவர். 1980-ல் அதிபர் கார்ட்டர் கறுப்பினக் கல்லூரிகளுக்காக ஒரு ஆணை போட்டார், மறு ஆண்டு ரேகன் வெள்ளை மாளிகை முன்னெடுப்பு என்று தொடங்கினார், பிறகு வந்தவர்களும் தங்கள் பங்குக்குக் கையெழுத்திட்டார்கள். போட்டோவில் நிற்பது அவர்கள். ஆனால் 2019 செப்டம்பரில் கட்டாய நிதிக்கான (ஆண்டு பட்ஜெட் ஒதுக்கீட்டை நம்பாமல் சட்டமே தரும் பணம்) சட்டப்பிரிவு காலாவதியானபோது எங்கள் பயிற்சியாளர்களின் வேலை ஆடிப்போனது. “இந்த நிதியாண்டுக்கான பணம் இருக்கிறது, யாரையும் அனுப்பிவிடாதீர்கள்” என்று சொன்னவர் அவர். டிசம்பரில் ஃப்யூச்சர் சட்டம் வந்து, கறுப்பினக் கல்லூரிகளுக்கு ஆண்டுக்கு 8.5 கோடி டாலர் நிரந்தரமானது.

பிறகு அவர் ஓய்வு பெற்றார். 2025 மார்ச்சில் அமெரிக்கக் கல்வித்துறை ஏறக்குறைய பாதி ஊழியர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இப்போது கேள்விகளைப் பொது மின்னஞ்சலுக்குத்தான் அனுப்புகிறோம். பதில் தாமதமாகும் என்பதால், புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது: ஒவ்வொரு பொருளும் எந்த அறையில், யார் கையில், எந்தப் பாடத்துக்கு என்று கேட்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். உயிரியல் துறை அலுவலகத்துக்கு அடிக்கடி போய் வாருங்கள்.