செங்கோட்டை, சாரல் மாதம்

ஜூன் 9

என் டபுள்ஸ் பார்ட்னர் அக்காவுக்கு வெளியூர் வேலை ஆர்டர் இன்னும் வரல.

ஜூன் 10

ஆரியங்காவு கணவாய்க் காத்து ஆரம்பிச்சாச்சு. மேற்கு ஜன்னலைத் திறந்தா 2.7 கிராம் டேபிள் டென்னிஸ் பந்து தன் போக்குல போகுது. சாத்திட்டே ஆடினோம். சாரல் ஈரத்துல என் மட்டை ரப்பர் வழுக்குது, முன்னால சுத்துற டாப்ஸ்பின் பிடிக்காம பந்து நெட்டுல விழுது. அக்காவுக்கு அந்தக் கவலை இல்லை. அவங்க மட்டையோட கருப்புப் பக்கத்துல இருக்கறது லாங் பிம்பிள்ஸ், நீளப் புள்ளி வச்ச ரப்பர். அது வெயில் நாள்லயே பந்தைப் பிடிக்காது.

ஜூன் 13

நாள் முழுக்க சர்வீஸ் நினைப்புதான். எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: டபுள்ஸ்ல குட்டையா, பின்னால சுத்துற பேக்ஸ்பின் போடு, எதிராளி தள்ளுவான், பார்ட்னர் அடிப்பா. ரெண்டு பேரும் அடிக்கிற ஆளுங்கன்னா சரி. ஆனா ஜோடியில மாறி மாறித்தானே அடிக்கணும், நான் பேக்ஸ்பின் போட்டா, தள்ளின பந்து வர்றது அக்காவோட பிம்பிள்ஸுக்கு. அது வர்ற சுழற்சியை மாத்தாது, அப்படியே ஓட விடும். பந்து போற திசை மட்டும் திரும்புறதால, தள்ளி வந்த பேக்ஸ்பின் லேசான டாப்ஸ்பின்னா மிதந்து போகும். எதிராளி ஓங்கி அடிப்பான். அந்த அடி என் மேலதான் வரும்.

அதனால என் சர்வீஸ் நீளமா, வேகமா, டாப்ஸ்பின்னோட போகணும். வலது பாதியிலேருந்து குறுக்கே வலது பாதிக்குத்தான் போடணும்கறதால அவன் காத்துக்கிட்டுதான் இருப்பான். இருக்கட்டும், அடிக்கட்டும். அவன் அடிச்ச டாப்ஸ்பின் அக்காகிட்ட பட்டா கனத்த பேக்ஸ்பின்னாத் திரும்பும். அடுத்த ஆள் பெரும்பாலும் தள்ளத்தான் செய்வான். தள்ளினது எனக்கு. அக்காவுக்கு எந்தப் பந்து வந்தா நல்லதோ, அதை வரவழைக்கிற சர்வீஸ்தான் எனக்குச் சர்வீஸ்.

அக்கா சர்வீஸ்ல இது தலைகீழ். குட்டை பேக்ஸ்பின், அவன் தள்ளுவான், நான் இழுத்து அடிப்பேன்.

ஜூன் 14

அக்காவுக்குப் போன் வந்தது. வெளியே போய்ப் பேசிட்டு வந்தாங்க. ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல.

ஜூன் 18

"அடிச்சிட்டு ஏன்ட்டி அங்ஙனயே நிக்கே? ஒதுங்கு"ன்னாங்க அக்கா.

அக்கா மேசையை விட்டு ஒரு எட்டுக்கு மேல பின்னால போக மாட்டாங்க. எனக்கு இழுக்கப் பின்னால இடம் வேணும். ரெண்டு பேரும் வட்டமாச் சுத்தினா இடிச்சுக்கிறோம். அக்கா மட்டையை வச்சுத் தடுத்து, அதாவது பிளாக் பண்ணிட்டு, பக்கவாட்டுல நகரணும், நான் பின்னாலேருந்து நேரே உள்ளே வந்து அடிச்சிட்டுப் பின்னாலேயே போகணும். அவங்க பாதை குறுக்கே, என் பாதை நெடுக. இன்னிக்கு ஒரு கேம் முழுக்க இடிக்கவே இல்லை. சந்தோஷமா இருந்தது, சாப்பிடக்கூடத் தோணல.

ஜூன் 21

ஹாங்சோ ஆசிய விளையாட்டு கால் இறுதியைத் திரும்பவும் பார்த்தேன். 2023-ல சுதிர்த்தா முகர்ஜியும் அய்ஹிகா முகர்ஜியும் சென் மெங் - வாங் யிடி ஜோடியை 3-1-ல ஜெயிச்சாங்களே, அது. அய்ஹிகாவோட, சுழற்சி பிடிக்காத ஆன்டி ரப்பர்ல பட்டுச் செத்து வர்ற பந்துக்குச் சீனாக்காரங்க தடுமாறுறதைத்தான் எல்லாரும் பேசுவாங்க. நான் சுதிர்த்தாவையே பார்த்துக்கிட்டிருந்தேன். தடுமாறி வந்த பந்தை அடிச்சு முடிக்க ஆள் வேணும்ல. முடிக்கலைன்னா அய்ஹிகா கொடுத்ததெல்லாம் வீண். அவங்க கொண்டு வந்தது வெண்கலம்தான். எனக்கு அது தங்கத்துக்குக் குறைஞ்சதில்லை.

ஜூன் 22

ஆர்டர் வரல. வராமலே போகட்டும்.

ஜூன் 26

போட்டிக்குப் புனலூர் ஜோடியும் பேர் கொடுத்திருக்காங்களாம். நெட்டைச் சேச்சி எதையும் இழுத்து அடிப்பாங்க. குட்டைச் சேச்சி தள்ளிக்கிட்டே இருப்பாங்க. ராத்திரி நோட்டுல போட்டுப் பார்த்தேன்.

நெட்டை அடிச்சு அக்காகிட்ட வந்து, அக்காகிட்டேருந்து குட்டைக்குப் போய், குட்டை தள்ளினது எனக்கு வந்தா நம்ம ஆட்டம். வரிசை மாறினா, குட்டை தள்ளினது அக்காகிட்ட மிதந்து, நெட்டை அடிச்சு, என் நெஞ்சுக்கு வரும். அப்போ அக்கா மட்டையைத் திருப்பி சிவப்புப் பக்கத்தால தள்ளணும். நானும் குட்டைச் சேச்சியைத் தள்ள விடாம பலமா இழுக்கணும், அவங்க பிளாக் பண்ணினாப் போதும்.

முதல் கேம்ல வரிசையை முடிவு பண்றது ரிசீவ் பண்ற ஜோடி. சர்வீஸ் போட யார் வர்றாங்கன்னு பார்த்துட்டு எதிர்ல ஆளை நிறுத்தலாம். அதனால டாஸ் ஜெயிச்சா சர்வீஸ் கேக்கவே கூடாது. எல்லாரும் ஆசையா சர்வீஸை எடுக்கறாங்க, எனக்கு இது புரியவே இல்லை.

ஜூன் 27

அக்கா வீட்டு வாசல்ல அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கு.

ஜூலை 1

எதுவும் சரியில்லை. மழை, கரண்ட் இல்லை, ஹால் சாவி வேற யார்கிட்டயோ. வேற பார்ட்னர் பாருட்டின்னு அக்கா சொன்னாங்க, சும்மா சொல்ற மாதிரி. இன்னொரு அடிக்கிற பிள்ளை கிடைப்பா. அவ கூட ஆடினா நான் சாதாரண ஆட்டக்காரி. அக்கா பிளாக்குக்கு அடுத்த பந்து எப்படி வரும்னு தெரிஞ்சதாலதான் என் கை இவ்வளவு தைரியமாப் போகுது. இதை அவங்ககிட்டச் சொல்லணும். வாய் வரல.

ஜூலை 3

சொல்லிட்டேன். "சரிட்டி, முதல்ல சர்வீஸைப் போடு"ன்னாங்க.

ஜூலை 5

ஆர்டர் வந்துருச்சு. சேர பதினஞ்சாம் தேதி வரைக்கும் டைம்.

நாளைக்கு முதல் ஆட்டமே புனலூர் ஜோடி. டாஸ் ஜெயிச்சா ரிசீவ். கேமுக்குக் கேம் வரிசை மாறுமே, அப்போ ஒண்ணும் மூணும், அஞ்சாவதுல முன்பாதியும் நம்ம வரிசை. தோத்து அவங்க ரிசீவ் எடுத்துட்டா ரெண்டும் நாலும்தான் நமக்கு. ஆனா அஞ்சாவதுல யாராவது 5 பாயின்ட் தொட்டதும் வரிசை மாறும். அதுவரைக்கும் அக்கா சிவப்புப் பக்கத்தாலயே தள்ளட்டும். 5-3-ல பின்னால இருந்தாக்கூட போதும், மாறினதுக்கு அப்புறம் நம்ம வரிசைதான்.