ஆளில்லாத தீவுல சானிடைசர் டியூட்டி

கப்பல் வேலைன்னா உலகம் சுத்தலாம்னு நெனச்சு தான் சேர்ந்தேன், ஆனா பசிபிக் பக்கம் ஓடுன கப்பல்ல எனக்கு மாட்டுனது பெரும்பாலும் ஜெட்டி, அதாவது படகுத்துறை டியூட்டி. வனுவாட்டுங்கற தீவு நாட்டுல மிஸ்டரி ஐலண்ட்னு ஒரு இடம், பெரிய கப்பல் கரைக்கு போக முடியாது, வெளியவே நங்கூரம் போட்டுட்டு சின்ன போட்டுல தான் ஆளுங்கள இறக்கணும். காலைல ஜெட்டில போய் நின்னா சாயங்காலம் வரைக்கும் தண்ணி, டவல், திரும்பி ஏறுறவங்க கையில சானிடைசர். அவ்ளோ தான்.

தீவோட சொந்த பேரு இன்யெக். ஒருத்தரும் குடியில்ல. நடந்தே சுத்திடலாம், நடுவுல புல்லு மண்டுன ஒரு ரன்வே. கப்பல் வர்ற நாள் மட்டும் எதிர்ல இருக்கற அனெய்ட்டியம் தீவுலேர்ந்து குடும்பம் குடும்பமா போட்டுல வந்து கடை போடுவாங்க, சாரோங், சிப்பி மாலை, தலை பின்னி விடறது, லாப்ஸ்டர், ஒரு ஓரமா பாட்டு. அப்புறம் ஒரு பெரிய அண்டா, டூரிஸ்ட் அதுக்குள்ள உக்காந்து நரமாமிசம் சமைக்கற மாதிரி போட்டோ எடுத்துக்கலாம், காசு குடுத்து தான். எனக்கு அத பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். ஆனா பக்கத்துல நிக்கற ஊர்க்கார பசங்க தான் விழுந்து விழுந்து சிரிப்பாங்க, அப்ப யாரு யார வேடிக்கை பாக்கறாங்கன்னு எனக்கு கொழம்பிடும்.

பின்னல் போடற ஒரு அக்காகிட்ட, ஒவ்வொரு தடவையும் வந்து போறதுக்கு இங்கயே குடிசை போட்டு இருக்கலாமேன்னு கேட்டேன். ராத்திரி இது ஆவிங்க இடம், நாங்க தங்க மாட்டோம்னாங்க. சாதாரணமா, கடை அஞ்சு மணிக்கு மூடிடும்ங்கற மாதிரி. எங்க ஊர்ல உச்சி வெயில்ல புளியமரத்தடில நிக்காதன்னு சொல்ற பாட்டி ஞாபகம் வந்துச்சு, அதுக்கு மேல நான் கேக்கல.

அனெய்ட்டியம் கதை அப்புறம் தான் படிச்சேன். 1848ல ஜான் கெடின்னு ஒரு பாதிரியார் வந்து இறங்குனார், கொஞ்ச வருஷத்துல தீவே கிறிஸ்தவமாச்சு. 1861ல தட்டம்மை வந்து ஜனத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போயிடுச்சு. நோயும் கப்பல்ல வந்தது தான். இத படிச்சதுலேர்ந்து அந்த சானிடைசர் பாட்டில கையில எடுக்கும்போதெல்லாம் உறுத்தும், ஏன்னா தீவுலேர்ந்து திரும்பி வர்றவங்களுக்கு தான் நாங்க ஊத்துவோம், இறங்கி போறவங்கள யாரும் நிறுத்தறதே இல்ல. 2020 மார்ச்சுல வனுவாட்டு எல்லைய மூடிட்டு 2022 ஜூலை வரைக்கும் தெறக்காம இருந்தப்போ, இதெல்லாம் ரொம்ப ஓவர்னு எங்க ஆளுங்க வாட்ஸப் குரூப்ல ஒரே பொலம்பல். நான் ஒன்னும் எழுதல.

அந்த கான்ட்ராக்ட்ல கடைசி தடவ போனப்போ அக்கா பாயெல்லாம் சுருட்டி போட்டுல ஏத்திட்டு வந்து கைய புடிச்சு குலுக்கி "லுகிம் யூ"ன்னாங்க, பாக்கலாம்னு அர்த்தம். நான் கப்பலுக்கு திரும்பற கடைசி போட்டுல ஏறுனேன். கப்பல் வாசல்ல நின்ன பையன் என் மூஞ்சிய கூட பாக்கல, கைய நீட்டுன்னு சொல்லி ரெண்டு சொட்டு ஊத்துனான்.