எண்ணெய் கிடைத்துவிடும், தண்ணீர்தான் போகாது

அப்பா வாங்கிப் போட்ட 5 ஹெச்பி ஆயில் இன்ஜின் ஒன்று எங்கள் கிணற்றடியில் இருக்கிறது. ஒற்றை சிலிண்டர், கையால் சுற்றிக் கிளப்புவது. கரண்ட் மோட்டார் வந்த பிறகு ஓரமாக நின்றுவிட்டது. மணிக்கு 1 லிட்டர் டீசல் வரை குடிக்கும். அதை நானே செய்த எரிபொருளில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. கனிம எண்ணெய்க்காகக் கட்டிய இன்ஜின், எதையும் மாற்றாமலே ஓடியதாக ருடால்ஃப் டீசல் பிறகு எழுதியிருக்கிறார். அப்படியென்றால் நம் இன்ஜினும் ஓடும்தானே என்று போன ஐப்பசியில் ஆரம்பித்தேன்.

முதலில் பாசி. ஏக்கருக்கு எந்த எண்ணெய்ப் பயிரையும்விடப் பாசி அதிகம் தரும் என்று எங்கு பார்த்தாலும் சொல்கிறார்கள். கல்லூரியில் வேதியியல் எடுக்கும் நண்பர் ஒரு பாட்டில் குளோரெல்லா என்ற பச்சைப் பாசி வாங்கிக் கொடுத்தார். மாடியில் 200 லிட்டர் தொட்டி, கொஞ்சம் யூரியா, சூப்பர் பாஸ்பேட், எப்சம் உப்பு, காற்றுக்கு மீன் தொட்டிப் பம்பு ஒன்று. மழைக்காலம் என்பதால் வெயில் குறைவு. ஆனாலும் மூன்று வாரத்தில் தண்ணீர் நல்ல கரும்பச்சையாகிவிட்டது. ஒரு லிட்டரை வடிகட்டிக் காயவைத்து எடை போட்டால் 0.4 கிராம். அதாவது தொட்டி முழுக்கச் சேர்த்தாலும் 80 கிராம்தான், மிச்சமெல்லாம் தண்ணீர். பார்க்க அவ்வளவு பச்சையாக இருந்ததற்கு இந்தக் கணக்கை நம்பவே முடியவில்லை.

வேட்டித் துணியில் வடிகட்டினேன், பச்சைத் தண்ணீர் பச்சையாகவே இறங்கியது. குளோரெல்லா சில மைக்ரான் அளவுதான், துணியில் நிற்காது. அப்புறம்தான் முருங்கை விதை நினைவுக்கு வந்தது. 40 கிராம் பொடித்துக் கலக்கி விட்டேன். காலையில் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் பச்சைக் கூழ். அந்தக் காலை எனக்கு அவ்வளவு சந்தோஷம். மேல் தண்ணீரைக் குழாய் போட்டு இறக்கி, கூழைக் காயவைத்துக் கல்லூரி ஆய்வகத்தில் எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஹெக்சேன் திரவம் கொண்டு எண்ணெய் எடுத்தோம். 20 கிராமுக்கு மேல் வந்தது. இரண்டு நாள் கழித்து நண்பர்தான் கேட்டார், "முருங்கை விதையிலேயே மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் இருக்குமே, அதைக் கழித்தீர்களா?" கழிக்கவில்லை. நாங்கள் எடுத்ததில் பாதிக்கு மேல் முருங்கை எண்ணெய்.

அடுத்த தொட்டிக்குத் தேற்றாங்கொட்டை. பானையின் உட்புறம் உரைத்துக் கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்க எங்கள் பாட்டி வைத்திருந்த அதே கொட்டை. முருங்கையைவிட மெதுவாகத் தெளிந்தது, இரண்டு இரவு ஆனது. 70 கிராம் உலர்ந்த தூள், அதிலிருந்து 9 கிராம் எண்ணெய். யூரியாவைக் குறைத்துப் பட்டினி போட்டால் பாசி எண்ணெயைச் சேர்த்து வைக்கும், ஆனால் வளர்ச்சி நின்றுவிடும். 18 வாட் பம்பு மூன்று வாரம் ஓடியதற்கு 9 யூனிட் கரண்ட் ஆகியிருந்தது. 9 கிராம் எண்ணெயில் இருக்கும் ஆற்றல் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை பாசி எரிபொருளை ஆராய்ந்தது. சுமார் 3,000 வகைப் பாசிகளைச் சேகரித்துப் பார்த்துவிட்டு, பெட்ரோலியத்தோடு விலையில் போட்டி போட முடியாது என்று நிறுத்திக்கொண்டார்கள். அது ஏன் என்று என் தொட்டியே காட்டிவிட்டது: வளர்க்கவும் கரண்ட் செலவு, தண்ணீரிலிருந்து பிரிப்பதும் பெரும்பாடு.

சரி, மரத்துக்கு வருவோம் என்று தை மாதம் தாவர எண்ணெய்ப் பக்கம் திரும்பினேன். பழகுவதற்கு ஒரு வடைக் கடையில் மீந்த எண்ணெய் வாங்கினேன். உணவு எண்ணெயில், பொரிக்கப் பொரிக்கச் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் மேற்கொண்டு பொரிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அப்படிக் கழிக்கும் எண்ணெய் இன்ஜினுக்குப் போவதுதான் நியாயம்.

எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து பயோடீசலாக மாற்ற வேண்டும். இதை வீட்டில் செய்யவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். மெத்தனால் விஷம். அது எரியும் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. உரிமம் இல்லாமல் அதை வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. எல்லாம் கல்லூரி ஆய்வகத்தில், நண்பர் பக்கத்தில் நிற்க, புகைப்போக்கிக்கு அடியில்தான்.

எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று பார்க்க 1 மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, லிட்டருக்கு 1 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறங்காட்டிக்கு வீட்டு மஞ்சள் தூளே போதும், காரம் ஏறியதும் சிவந்துவிடும். வடை எண்ணெய்க்கு 2.5 மில்லி ஆனது. புது எண்ணெய்க்கே லிட்டருக்கு 3.5 கிராம் காஸ்டிக் வேண்டும், மில்லிக்கு ஒரு கிராம் வீதம் இதையும் சேர்த்து 6 கிராம். 200 மில்லி மெத்தனாலில் அதைக் கரைத்து, 55 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கினோம். இரவு வைத்தால் கரும்பழுப்புக் கிளிசரின் அடியில், பொன்னிறத் திரவம் மேலே.

அடுத்து அந்த மேல் திரவத்தைக் கழுவ வேண்டும். அவசரத்தில் தண்ணீர் ஊற்றிப் பலமாகக் குலுக்கினேன். மொத்தமும் மோர் மாதிரி ஆகிவிட்டது, இரண்டு நாளாகியும் பிரியவில்லை. எண்ணெயின் அமிலமும் காஸ்டிக்கும் சேர்ந்து உண்டாகும் சோப்பு மிச்சம் இருந்தால் எண்ணெயும் தண்ணீரும் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் விட்ட பிறகுதான் பிரிந்தது. செடிக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் கைத் தெளிப்பானில் தண்ணீரைப் பனி போல மேலே தூவினால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஐந்து முறை தூவினேன்.

மாசி, பங்குனியில் வரப்பில் நிற்கும் ஐந்து புங்க மரங்களின் காய்களைப் பொறுக்கினோம். தோல் நீக்க 30 கிலோ பருப்பு தேறியது. மில்காரர் கேட்டார், "அண்ணே, விளக்குக்கா, மாட்டுப் புண்ணுக்கா?" இன்ஜினுக்கு என்றதும் எக்ஸ்பெல்லரை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். 7 லிட்டருக்கு மேல் எண்ணெய் வந்தது. புண்ணாக்கு முழுவதும் தென்னைக்குப் போனது, அதுவே பாதி லாபம். 1990களின் கடைசியில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உடுப்பி ஸ்ரீநிவாசா கர்நாடகக் கிராமங்களில் புங்க எண்ணெயிலேயே ஜெனரேட்டர் ஓட்டிக் காட்டினார். அவர் வேலையைப் படித்த நாள் முதல் இந்த மரத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை.

ஆனால் புங்க எண்ணெய் அதே சொட்டுச் சோதனையில் 9 மில்லி கேட்டது, கிட்டத்தட்ட 7 சதவீத அமிலம். காய்களில் பாதி, தரையில் ஈரத்தில் கிடந்தவை. நேராகக் காஸ்டிக் சேர்த்த முதல் அரை லிட்டர் முழுக்கச் சோப்பாகிவிட்டது. மீதிக்கு முதலில் கொஞ்சம் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து இரண்டு மணி நேரம் சூடாக்கி அமிலத்தையும் எரிபொருளாகும் எஸ்டராக்கினோம். இந்த வினையிலும் தண்ணீர்தான் பிறக்கிறது, அது சேரச் சேர வினை நின்றுவிடும். இரவு தெளியவைத்து, மேலே நிற்கும் மெத்தனால், தண்ணீர்ப் படலத்தை எடுத்தோம். பிறகு அளந்தால் 1.5 மில்லி. அப்புறம் வழக்கமான காஸ்டிக் முறை.

முழுதாக மாறியதா என்று பார்க்க 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி எரிபொருள் விட்டோம். மாறாத எண்ணெய் இருந்தால் அடியில் தங்கும், ஒரு சொட்டும் தங்கவில்லை. அன்று ஆய்வகத்தில் நாங்கள் போட்ட சத்தத்துக்கு அடுத்த வகுப்பிலிருந்து ஆள் வந்துவிட்டது.

முதலில் டீசலில் 20 சதவீதம் கலந்து ஒரு மணி நேரம். பிறகு முழுப் புங்க டீசல். புகை குறைந்தது தெளிவாகத் தெரிந்தது. நாற்பது நிமிடத்தில் வேகம் இறங்கி நின்றது. ஃபில்டரைக் கழற்றினால் கரி போன்ற கசடு. டேங்கில் பல வருடமாகப் படிந்திருந்ததை இந்த எரிபொருள் கழுவிக்கொண்டு வந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாயும் ஊறி மெத்தென்று ஆகியிருந்தது. இரண்டையும் மாற்றியாயிற்று. அந்த இருபது நிமிடம் இன்னும் பாக்கி.

இரண்டாம் தொகுதி 2 லிட்டர், கழுவியதில் தங்கிய தண்ணீர் போக, இப்போது அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் மாடி வெயிலில் இருக்கிறது. இந்தியத் தர அளவுப்படி கிலோவுக்கு 500 மில்லிகிராம் தண்ணீருக்கு மேல் இருக்கக் கூடாது. அதை அளக்க என்னிடம் கருவி இல்லை, தண்ணீர் போகப் போக எரிபொருள் தெளியும் என்பதுதான் எனக்கு அளவு. தாம்பாளத்திலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்துச் செய்தித்தாள்மேல் வைத்துப் பார்க்கிறேன். காலையில் வெறும் கலங்கல். மதியம் தலைப்பு எழுத்து தெரிந்தது. சின்ன எழுத்து இன்னும் தெரியவில்லை, நாளையும் வெயிலில் வைக்கணும்.